வெளிநாட்டு நிதி வந்தால் சுகாதாரத் துறையை நடத்துவது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டு நிறுவனங்களின் திட்டக் கணக்குகளைச் சரிபார்ப்பது என் தொழில். பொது சுகாதாரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் அவ்வப்போது வகுப்பும் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டு வைத்துவிட்டேன்.

உதாரணங்கள் பெரும்பாலும் மலாவியிலிருந்து வரும். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரை இல்லாத நாடு, சுமார் 2 கோடி மக்கள். அங்கே சுகாதாரத்துக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கும் மேல் பல ஆண்டுகள் வெளியிலிருந்தே வந்திருக்கிறது. மற்ற நாடுகளில் மங்கலாகத் தெரிவது அங்கே பளிச்சென்று தெரியும்.

1. வெளிநாட்டு நிதி, வெளிநாட்டு நிதி என்கிறீர்களே, யார் சார் கொடுக்கிறார்கள்?

சில நாடுகள் நேரடியாகக் கொடுக்கின்றன: அமெரிக்கா, பிரிட்டன், நார்வே, ஜெர்மனி. இதில் பெரியது அமெரிக்காவின் எயிட்ஸ் திட்டமான பெப்ஃபார். 2003-ல் ஜார்ஜ் புஷ் காலத்தில், ஐந்து வருடத்துக்கு 1,500 கோடி டாலர் என்று தொடங்கினார்கள். பல நாடுகளின் பணத்தைச் சேர்த்துக் கொடுக்கும் அமைப்புகளும் உண்டு. தடுப்பூசிக்காக 2000-ல் வந்த கவி, எயிட்ஸ், டிபி, மலேரியாவுக்காக 2002-ல் வந்த குளோபல் ஃபண்ட், அப்புறம் உலக வங்கி. தனியாரில் கேட்ஸ் அறக்கட்டளை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உலக வங்கியிடமிருந்து வருவது பெரும்பாலும் கடன், வட்டி குறைவாக இருந்தாலும் திருப்பிக் கட்ட வேண்டும். குளோபல் ஃபண்டும் பெப்ஃபாரும் கொடுப்பது மானியம்.

2. கொடுக்கிறவர் கொடுக்கிறார், நிர்வாகத்தை அரசுதானே பார்க்கிறது? இதில் என்ன பிரச்சினை?

கணக்கு யாரிடம் ஒப்புவிக்கிறோம் என்று பாருங்கள். ஒரு மாவட்ட சுகாதார அதிகாரி இருக்கிறார். சம்பளம் அரசு கொடுக்கிறது. ஆனால் எச்ஐவி மருந்து ஒருவருடைய பணத்தில், கொசுவலை இன்னொருவருடைய பணத்தில், தடுப்பூசிக் குளிர்பெட்டி மூன்றாமவருடைய பணத்தில் வருகிறது. காலாண்டு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் படிவத்தில் அறிக்கை போக வேண்டும். அமைச்சகத்துக்குப் போகும் அறிக்கை ஒரு மாதம் தாமதமானால் ஒன்றும் ஆகாது. திட்ட அறிக்கை தாமதமானால் அடுத்த தவணை நின்றுவிடும். அவர் எதை முதலில் எழுதுவார்?

நிர்வாகம் கைமாறுவது இப்படித்தான். யாரும் உத்தரவு போடுவதில்லை. எந்தப் படிவத்துக்கு அவசரம் அதிகமோ, அந்தப் படிவத்தில் இருக்கும் நோய்தான் அந்த மாவட்டத்தின் முக்கியமான நோயாகிவிடுகிறது.

3. பணம் அரசு கஜானா வழியாகத்தானே போகும்?

போகலாம், போகாமலும் இருக்கலாம். விவகாரமே அங்கேதான். நேராகக் கஜானாவில் போட்டு, ‘உங்கள் பட்ஜெட்டோடு சேர்த்துச் செலவழியுங்கள்’ என்பது ஒரு வழி. சுகாதாரத் துறைக்கென்று ஒரு பொது உண்டியல் வைத்து எல்லாரும் அதில் போடுவது இன்னொன்று. மலாவியில் 2004 முதல் பிரிட்டன், நார்வே, உலக வங்கி போன்றவை அப்படிச் செய்தன. அமைச்சகம் ஒரு திட்டம் போடும், உண்டியல் பணம் அந்தத் திட்டத்துக்குப் போகும்.

மூன்றாவது வழி, அரசுக்குள்ளேயே தனிப் பிரிவும் தனி வங்கிக் கணக்கும் வைத்து நடத்துவது. நான்காவது, அரசைத் தொடாமலே தொண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் கொடுப்பது. அமெரிக்கப் பணத்தில் பெரும்பகுதி இந்த நான்காவது வழியில்தான் போனது. அப்படிப் போகும் பணம் அந்த நாட்டு பட்ஜெட் புத்தகத்தில் வராது. யார் எங்கே எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மலாவி சுகாதார அமைச்சகம் தனியாகக் கணக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நிதி ஊற்றுகள் இருப்பது அதில் தெரிந்தது. தன் வீட்டில் எத்தனை பேர் சமைக்கிறார்கள் என்பதை வீட்டுக்காரர் கதவு கதவாகத் தட்டிக் கேட்ட கதை.

4. சிசிஎம் என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது அரசு அமைப்பா?

பாதி. குளோபல் ஃபண்டுக்கு எந்த நாட்டிலும் அலுவலகம் கிடையாது, எல்லாம் ஜெனிவாவில்தான். அதனால் பணம் வேண்டும் என்றால், நாட்டுக்குள் ஒரு ஒருங்கிணைப்புக் குழு அமைக்கச் சொல்கிறார்கள். அதுதான் சிசிஎம். அமைச்சக அதிகாரிகள், தொண்டு நிறுவனங்கள், நன்கொடை நாடுகள், தனியார், அப்புறம் நோயோடு வாழ்பவர்களின் பிரதிநிதிகள் என எல்லாரும் அதில் உட்கார வேண்டும். விண்ணப்பம் அந்தக் குழு வழியாகப் போகும். பணம் ‘முதன்மைப் பெறுநர்’ என்ற அமைப்புக்கு வரும். கணக்கைச் சரிபார்க்க உள்ளூரில் ஒரு முகவர் இருப்பார், பல நாடுகளில் அது பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்று.

இதில் நல்லதும் உண்டு. எச்ஐவி உள்ள ஒரு பெண், சுகாதாரச் செயலாளருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் வாய்ப்பு பல நாடுகளில் முதல்முறையாக இந்தக் குழுவில்தான் கிடைத்தது. ஆனால் இந்தக் குழுவை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, நாடாளுமன்றத்துக்கு அது பதில் சொல்வதும் இல்லை. எயிட்ஸுக்குத் தனி ஆணையம், மலேரியாவுக்குத் தனிக் குழு என்று அமைச்சகத்துக்குப் பக்கத்திலேயே பல குட்டி அமைச்சகங்கள் முளைத்தன. ஆப்பிரிக்க நாடுகளில் தேசிய எயிட்ஸ் ஆணையங்கள் பெருகியதற்கு, 2000-க்குப் பிறகு உலக வங்கி தன் எயிட்ஸ் நிதிக்கு உயர்மட்ட ஒருங்கிணைப்பு அமைப்பு வேண்டும் என்று கேட்டது ஒரு முக்கியக் காரணம்.

5. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? நிபந்தனை இல்லாமல் யார் பணம் கொடுப்பார்கள்?

பார்க்கத்தான் வேண்டும், சில மாடுகள் முட்டும். கணக்குக் காட்டு, டெண்டர் விடு என்பதெல்லாம் நியாயமான நிபந்தனைகள். கொடுப்பவரின் உள்ளூர் அரசியல் நிபந்தனையாக வரும்போதுதான் சிக்கல். பெப்ஃபாரின் 2003 சட்டத்தில், தடுப்புக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருமணம் வரை பாலுறவு வேண்டாம் என்ற பிரச்சாரத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று இருந்தது. 2008-ல்தான் அதைத் தளர்த்தினார்கள். பாலியல் தொழிலை எதிர்ப்பதாக உறுதிமொழி தர வேண்டும் என்றும் ஒரு விதி. பாலியல் தொழிலாளர்களோடு சேர்ந்து வேலை செய்தே எயிட்ஸைக் கட்டுப்படுத்திய பிரேசில், 2005-ல் சுமார் 4 கோடி டாலரை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பிரேசிலுக்குச் சொந்தப் பணம் இருந்தது, சொல்ல முடிந்தது.

மெக்சிகோ சிட்டி கொள்கையும் இந்த ரகம். குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்பைச் செய்யும் அல்லது ஊக்குவிக்கும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு அமெரிக்கப் பணம் கிடையாது என்ற விதி. 1984-ல் ரீகன் கொண்டுவந்தார். அதிலிருந்து ஜனநாயகக் கட்சி அதிபர் வந்தால் நீக்குவதும் குடியரசுக் கட்சி அதிபர் வந்தால் திரும்பக் கொண்டுவருவதுமாக நடக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் விழும் ஓட்டு மலாவித் தலைநகர் லிலோங்வேயில் இருக்கும் கிளினிக்கின் பெயர்ப்பலகையை மாற்றுகிறது.

6. வெளிநாட்டுப் பணத்தில் அரசு ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கலாமா?

ரொம்ப காலம் ‘கூடாது’ என்பதுதான் எழுதாத விதி. கட்டிடம் கட்டுவோம், பயிற்சி தருவோம், வண்டி வாங்கித் தருவோம், சம்பளம் மட்டும் உங்கள் பாடு. பயிற்சி முடிந்த நர்ஸ் லண்டனுக்கு விமானம் ஏறுவார். இன்னொரு பக்கம், அரசின் சம்பளச் செலவு ஏறக் கூடாது என்று ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) ஒப்பந்தங்களில் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். கென்யாவில் ஒரு கட்டத்தில் நர்ஸ் பணியிடங்களும் காலி, படித்த நர்ஸ்களும் வேலையில்லாமல் வீட்டில். அந்த உச்சவரம்பை விதிவிலக்கான சூழலில் மட்டும் வைப்பது என்று ஐஎம்எஃப் 2007-ல்தான் மாற்றிக்கொண்டது.

மலாவி அந்த எழுதாத விதியை உடைத்தது. 2004-ல் போட்ட அவசர மனிதவளத் திட்டத்தில், பிரிட்டன், குளோபல் ஃபண்ட் பணத்தோடு 11 வகைச் சுகாதார ஊழியர்களுக்கு 52 சதவீதம் கூடுதல் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் பிரிவுகளில் 2004-ல் 5,453 பேர் இருந்தார்கள், 2009-ல் 8,369 பேர். ‘சம்பளத்துக்குக் கொடுத்தால் தண்ணீரில் போட்ட உப்பு’ என்று பேசியவர்களுக்கு இது பதில். ஆனால் திட்டக் காலம் முடியும்போது அந்த 52 சதவீதத்தை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது. இதை 16-ஆம் கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள்.

7. பயிற்சி வகுப்புகளில் படி கொடுக்கிறார்களே, அது லஞ்சமா?

லஞ்சம் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் குறைவான ஊரில் பயணப்படிதான் இரண்டாவது சம்பளம். அதனால் என்ன ஆகும்? வகுப்பு நடத்தும் திட்டத்துக்கு ஆள் வருவார்கள், வார்டில் ஆள் இருக்க மாட்டார்கள்.

நம்மூரிலும் பார்த்திருக்கிறேன். நான் கணக்குப் பார்த்த ஓர் இடத்தில், ஒரே நாள், ஒரே மண்டபம், ஒரே முப்பத்திரண்டு கையெழுத்து. வருகைப் பதிவேட்டின் நகல் மட்டும் இரண்டு திட்டக் கோப்புகளில் இருந்தது. சாப்பாட்டு பில்லும் இரண்டிலும். கேட்டதற்கு, “ரெண்டு பேருமே டிரெய்னிங் நடத்தச் சொன்னாங்க சார், ஆளுங்க ஒரே ஆளுங்கதானே” என்றார்கள். நான் ஆட்சேபம் எழுதினேன். ஆனாலும் அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

8. எச்ஐவி மாத்திரை நிறைய இருக்கிறது, பாராசிட்டமால் இல்லை. இது எப்படி?

இரண்டுக்கும் குழாய் வேறு. எச்ஐவி, மலேரியா மருந்துகளை வாங்குவதும் கிடங்கில் வைப்பதும் லாரியில் அனுப்புவதும் நன்கொடையாளர்கள் ஏற்பாடு செய்த தனிச் சங்கிலி. சாதாரண மருந்துகள் அரசு மருந்துக் கிடங்கின் வழியாக வர வேண்டும். மலாவியில் அந்தக் கிடங்கு நொண்டிக்கொண்டிருந்தபோது, அத்தியாவசிய மருந்துகளையே பெட்டி பெட்டியாகக் கட்டி நேராக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்பிய காலமும் உண்டு. நோயாளிக்கு அன்றைக்கு மருந்து கிடைத்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நல்ல லாரியும் நல்ல கணக்காளரும் தனிச் சங்கிலிக்குப் போய்விட்டால், அரசுக் கிடங்கு எப்போது தேறும்?

9. பணத்தைத் திருடினால்? அப்போதும் அரசிடமே கொடுக்கச் சொல்கிறீர்களா?

திருடியிருக்கிறார்கள். 2005 ஆகஸ்டில் உகாண்டாவின் ஐந்து மானியங்களையும் குளோபல் ஃபண்ட் நிறுத்தி வைத்தது. நீதிபதி ஜேம்ஸ் ஒகூலா தலைமையில் விசாரணை நடந்தது. நிறுத்தம் நவம்பரில் நீங்கியது. கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தப் பணத்தைக் கையாண்டது அமைச்சகத்தின் வழக்கமான நிதிப் பிரிவு அல்ல, இதற்கென்றே உருவாக்கிய திட்ட மேலாண்மைப் பிரிவு. 3-ஆம் பதிலில் சொன்ன மூன்றாவது வழி. தனிக் கணக்கு வைத்தால் பத்திரம் என்பது எப்போதும் உண்மையல்ல.

மலாவியில் நடந்தது பெரிய அடி. 2013 செப்டம்பரில் பட்ஜெட் இயக்குநரை வீட்டு வாசலில் சுட்டார்கள், உயிர் பிழைத்தார். அதைத் தொடர்ந்து ‘கேஷ்கேட்’ என்ற ஊழல் வெளியே வந்தது. செய்யாத வேலைக்குக் கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அரசின் கணக்கு மென்பொருளிலிருந்தே அந்தப் பதிவுகளை அழித்திருந்தார்கள். ஆறே மாதத்தில் 1,360 கோடி குவாச்சா (மலாவி நாணயம்) போயிருந்ததாகத் தணிக்கையில் தெரிந்தது. அப்போதைய மதிப்பில் சுமார் 3.2 கோடி டாலர்.

நன்கொடை நாடுகள் கஜானா வழியை மூடின, சுகாதார உண்டியலிலிருந்தும் விலகின. பிறகு நார்வே, ஜெர்மனி போன்றவை திரும்பி வந்தபோது தனிக் கணக்கு முகவரை வைத்துக் கூட்டு நிதி அமைத்தன. என் தொழில் புத்திக்கு இது சரிதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் விளைவைப் பாருங்கள்: அரசை நம்பாததால் பணம் வெளியே போகிறது, பணம் வெளியே போவதால் அரசுக்குக் கணக்கு வைக்கும் பழக்கமே வராது, பழக்கம் வராததால் இன்னும் நம்பிக்கை குறைகிறது. இந்தச் சுழலிலிருந்து அந்த நாடு பத்து வருடத்துக்கு மேல் வெளியே வரப் போராடுகிறது.

10. அப்போ அந்த நாட்டு ஆட்கள் கைகட்டி நின்றார்களா?

அப்படி நினைத்தால் அது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. கர்ப்பிணிகளுக்கு எச்ஐவி மருந்து எப்போது தொடங்குவது என்பதை, சிடி4 என்ற ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவெடுக்கச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். மலாவியில் அந்த இயந்திரம் இருந்த இடங்கள் குறைவு. அமைச்சகம் யோசித்து, பரிசோதனையே வேண்டாம், எச்ஐவி உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஆயுள் முழுக்க மருந்து என்று 2011-ல் தொடங்கிவிட்டது. 2013-ல் உலக வழிகாட்டுதலே அந்தப் பக்கம் திரும்பியது. இந்த முறையை ‘ஆப்ஷன் பி பிளஸ்’ என்பார்கள். பணம் ஜெனிவாவிலிருந்து வந்தாலும் புத்தி லிலோங்வேயிலிருந்து போனது.

எத்தியோப்பியாவில், இன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவராக இருக்கும் டெட்ரோஸ் 2005 முதல் 2012 வரை சுகாதார அமைச்சர். நோய்வாரியாக வந்த பணத்தையும் கிராமச் சுகாதாரப் பணியாளர் திட்டத்துக்குத் துணையாக வளைத்தார்கள். 30,000-க்கும் மேற்பட்ட பெண்கள், சம்பளத்தோடு. ருவாண்டா இன்னும் கறார். யார் எந்தத் துறையில் வேலை செய்யலாம் என்பதை நன்கொடை நாடுகளுக்கு அரசே பிரித்துக் கொடுத்தது. இரண்டுமே எதிர்க்குரலுக்கு இடம் குறைவான ஆட்சிகள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நன்கொடையாளர்களிடம் உறுதியாகப் பேசிய அரசு, தன் மக்களிடமும் உறுதியாகவே பேசியது.

11. வெளியிலிருந்து பணம் வந்தால் அரசு தன் பங்கைக் குறைத்துக்கொள்ளாதா?

குறைத்துக்கொள்கிறது என்று 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அரசுக்கு ஒரு டாலர் உதவி வந்தால், அரசு தன் சுகாதாரச் செலவில் 43 சென்ட் முதல் 1.14 டாலர் வரை குறைக்கிறது என்றார்கள். தரவு சரியில்லை என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள், சண்டை இன்னும் முடியவில்லை. குறைத்தாலும் அது எப்போதும் ஏமாற்று வேலையல்ல. ‘மருந்துக்கு அவர்கள் தருகிறார்கள், நாம் பள்ளிக்கூடம் கட்டுவோம்’ என்று நிதியமைச்சர் நினைப்பதில் தவறென்ன?

ஆனால் 2001-ல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் நைஜீரியாவின் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று வாக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் எட்டவே இல்லை. கானா போல, வாட் வரியோடு 2.5 சதவீதத்தைச் சுகாதாரக் காப்பீட்டுக்கென்று வசூலித்த நாடுகள் குறைவு.

12. எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரே படிவம் ஆக்கிவிட்டால் தீர்ந்ததே?

பேசினார்கள். 2004-ல் எயிட்ஸுக்கு ‘மூன்று ஒன்றுகள்’ (ஒரே செயல்திட்டம், ஒரே ஒருங்கிணைப்பு அமைப்பு, ஒரே கண்காணிப்பு முறை), 2005-ல் பாரிஸ் பிரகடனம், 2008-ல் அக்ரா, 2011-ல் பூசான், 2023-ல் லுசாகா. எல்லாவற்றிலும் சாராம்சம் ஒன்றுதான்: நாடு திட்டம் போடட்டும், நாம் அதன் பின்னால் வருவோம். கையெழுத்துப் போட்டவர் ஊர் திரும்பியதும், ‘நம் வரிப்பணத்தில் எத்தனை உயிர் காப்பாற்றினாய்?’ என்று அவருடைய நாடாளுமன்றம் கேட்கும். உண்டியலில் போட்ட பணத்துக்குத் தனியாக எண்ணிக்கை காட்ட முடியாது. அதனால் பழைய படிவம் திரும்பி வரும்.

13. தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு. உலக வங்கிக் கடனோடு தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 1992-ல் தொடங்கியது. பணம் மாநிலக் கருவூலத்தில் மாட்டிக்கொண்டு தாமதமானது. 1994-ல் தமிழ்நாடு, பதிவு செய்த சங்கமாக மாநில எயிட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்தது. சுகாதாரத் துறை அதிகாரிகளே பொறுப்பில், ஆனால் வங்கிக் கணக்கு தனி. நாட்டிலேயே முதல் சங்கம் இதுதான். வேலை வேகமாக நடந்ததால் மற்ற மாநிலங்களுக்கும் அதே அச்சு போனது. தேசிய ஊரகச் சுகாதார இயக்கமும் சங்கங்கள் வழியாகவே பணம் அனுப்பியது. 2014-15 முதல்தான் மாநிலக் கருவூலம் வழியாக அனுப்பத் தொடங்கினார்கள்.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. இங்கே வெளிநாட்டுப் பணம் மொத்தச் செலவில் சிறு துளி, ஊழியர் சம்பளம் மாநில பட்ஜெட்டில். 2019-ல் உலக வங்கி கொடுத்த 28.7 கோடி டாலர் கடன்கூட, பேசி ஒத்துக்கொண்ட இலக்குகளை மாநிலம் எட்டினால் பணம் என்ற முறையில் வந்தது. நாளைக்கு அது நின்றாலும் நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்தே இருக்கும்.

14. உலக சுகாதார நிறுவனமே நன்கொடையில்தான் ஓடுகிறதா?

ஆமாம். உறுப்பு நாடுகள் கட்டாயமாகக் கட்டும் சந்தா, பல ஆண்டுகள் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மீதி தன்னார்வ நன்கொடை, அதில் பெரும்பகுதி ‘இதற்குத்தான்’ என்று முத்திரை குத்தியது. 2-ஆம் பதிலில் பார்த்த மாவட்ட அதிகாரியின் நிலைதான், நாற்காலி மட்டும் பெரிது. சந்தாவைப் படிப்படியாக அடிப்படை பட்ஜெட்டில் பாதி வரை உயர்த்த 2022-ல் ஒத்துக்கொண்டார்கள்.

15. 2025-ல் அமெரிக்கா நிறுத்திவிட்டதே, அப்புறம் என்ன ஆனது?

ஜனவரி 20-ஆம் தேதி வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைக்கும் உத்தரவு வந்தது, ஜூலை 1-ஆம் தேதி அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு தன் திட்டங்களை வெளியுறவுத் துறையிடம் விட்டுவிட்டு ஓய்ந்தது. பிரிட்டனும் தன் உதவியை தேசிய வருமானத்தில் 0.5-லிருந்து 0.3 சதவீதமாக 2027-க்குள் குறைப்பதாகச் சொல்லிவிட்டது. மருந்தும் சம்பளமும் நின்றதைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். குறைவாகப் பேசப்பட்டது தகவல். பல ஏழை நாடுகளில் எத்தனை குழந்தைகள் சாகின்றன, எத்தனை பெண்களுக்குப் பிரசவம் பார்க்க ஆள் இருந்தது என்பதை டிஹெச்எஸ் என்ற வீட்டுக் கணக்கெடுப்பு வழியாகத்தான் அரசே தெரிந்துகொண்டது. 1984 முதல் அதற்குப் பணம் கொடுத்தது யுஎஸ்எய்டு. அதுவும் நின்றது. தன் நாட்டுப் பிள்ளைகளின் சாவு எண்ணிக்கையே அடுத்தவர் செலவில் இருந்திருக்கிறது.

நைஜீரிய நாடாளுமன்றம் உடனே 20 கோடி டாலரைச் சுகாதார பட்ஜெட்டில் சேர்த்தது. அமெரிக்காவும் இப்போது ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாக, இந்த முறை அரசோடு நேரடியாக ஒப்பந்தம் போடுகிறது. 2025 டிசம்பரில் கென்யா கையெழுத்துப் போட்டது. நோயாளிகளின் தகவல்களைப் பகிரும் பகுதிக்கு அங்கே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கஜானா வழி திரும்பி வருகிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் அந்தத் தடையையும் படியுங்கள்.

16. திட்டம் முடிந்ததும் அந்த வண்டி, கம்ப்யூட்டர் எல்லாம் யாருக்கு?

சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் நல்ல கேள்வி. சொத்துப் பதிவேட்டில் கடைசிப் பக்கம் இதற்குத்தான். பொதுவாக, முடியும்போது அமைச்சகத்துக்கோ மாவட்டத்துக்கோ ஒப்படைத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும். வண்டி வரும். ஓட்டுநர் ஒப்பந்தம் முடிந்து போயிருப்பார். டீசலுக்கு பட்ஜெட்டில் தலைப்பு இருக்காது, ஏனென்றால் அதுவரை டீசல் அவர்கள் கணக்கில் வந்தது. மலாவியின் 52 சதவீதத்துக்கும் இதே கதைதான்: பணம் நின்றால் நர்ஸின் சம்பளத்தில் அந்தப் பங்கை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

நான் இப்போதெல்லாம் எந்தத் திட்ட ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் முதல் பக்கத்தைப் படிப்பதில்லை. நேராகப் பின்னால் போய், கடைசி வருடத்தின் அடுத்த வருடத்துக்கு டீசலும் சம்பளமும் யார் பெயரில் எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். பாதிக் கோப்புகளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.